பதினேழில் நான்கு: ஒரு பொருளியல் பேராசிரியையின் பணிக்காலம்

இது தென்மாவட்டத்தில் உள்ள ஒரு அரசு உதவிபெறும் கல்லூரியில் நடந்தது. சம்பந்தப்பட்ட பேராசிரியையின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், கல்லூரி எதையும் சொல்லப் போவதில்லை. நான் அதே கல்லூரியில் வேறு துறையில் இருக்கிறேன். கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்தர உறுதிக் குழுவில் இருப்பதால் பதவி உயர்வுக் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போகும், அப்படித்தான் இந்தக் கதை முழுக்க எனக்குத் தெரிய வந்தது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு வந்து சில வருடங்களே ஆனவர்கள் இதைப் படித்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

பின்னணி

கரிசல்காட்டுக் கிராமம், தமிழ்வழியில் பி.ஏ. பொருளியல், அப்புறம் எம்.ஏ., எம்.ஃபில். 1998-ல் சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்துக்குச் சேர்ந்தார். இடையில் மாநிலத் தகுதித் தேர்வில் தேறினார், 2007-ல் அரசு உதவிபெறும் பணியிடம் கிடைத்தது. அங்கிருந்துதான் பதவி உயர்வுக் கணக்கு தொடங்குகிறது. எம்.ஃபில். இருப்பவருக்கு முதல் படி ஐந்து வருடம், அடுத்தது ஐந்து, அதற்கடுத்தது மூன்று, பேராசிரியர் நிலைக்கு இன்னும் மூன்று. காகிதத்தில் பார்த்தால் 2012, 2017, 2020, 2023. அவருக்கு எல்லா ஆணைகளும் தாமதமாகத்தான் வந்தன, ஆனால் அது நம் ஊரில் எல்லோருக்கும் நடப்பது, அதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

பகுதி நேரமாக முனைவர் பட்டம். 2008-ல் பதிவு, 2014-ல் பட்டம். தலைப்பு மகளிர் சுயஉதவிக் குழுக்கள். அந்தக் காலத்தில் நம் பொருளியல் துறைகளில் வந்த ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வது, முந்நூறு பேரிடம் படிவம் கொடுப்பது, ஐந்து நிலை அளவுகோலில் 'குழுவில் சேர்ந்த பின் உங்கள் தன்னம்பிக்கை கூடியதா' என்று கேட்பது, கை-வர்க்கச் சோதனை, காரெட் தரவரிசை என்று வழக்கமான புள்ளியியல் கணக்குகள், முடிவில் அரசுக்குப் பத்துப் பரிந்துரை. அவருடையது அதில் நேர்மையான ஒன்று, கடன் எதற்குச் செலவானது என்ற அத்தியாயம் இன்றும் படிக்கத் தகுந்தது. ஆனால் அச்சு அதே அச்சுதான்.

2010-க்குப் பிறகு கவனித்தது

பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் கொண்டுவந்த விதிமுறைகள் ஆசிரியரின் வேலையைப் புள்ளிகளாக மாற்றின. வகுப்பெடுப்பதற்குப் புள்ளி, கருத்தரங்கில் பேசுவதற்குப் புள்ளி, கட்டுரைக்குப் புள்ளி. இது வந்த சில வருடங்களில் எங்கள் பகுதியில் என்ன நடந்தது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு கல்லூரியில் தேசியக் கருத்தரங்கம், பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ், புத்தகங்களுக்குத் தரும் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தடிமனான ஒரு தொகுதி, அதை யாரும் திறப்பதில்லை. 'சர்வதேச' என்று தொடங்கும் பெயரில், இதழ்களுக்குத் தரும் ஐஎஸ்எஸ்என் எண்ணோடு இதழ்கள் முளைத்தன. கட்டுரையை அனுப்பிய அதே வாரத்தில் ஏற்புக் கடிதம் வரும், கூடவே வங்கிக் கணக்கு எண்ணும் வரும்.

இவரும் எழுதினார். ஆய்வேட்டின் ஒவ்வொரு அத்தியாயமும் இரண்டு மூன்று கட்டுரைகளாகப் பிரிந்தது. துறைக் கூட்டத்தில் எண்ணிக்கை கேட்பார்கள், தர மதிப்பீட்டுக்குப் போகும்போது ஓர் ஆசிரியருக்கு எத்தனை கட்டுரை என்று அட்டவணை போட வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் துறைத்தலைவரின் முகம் மாறும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விதி எதைக் கேட்டதோ அதைத்தான் கொடுத்தார்.

வகுப்பில் வந்த கேள்வி

2015-ல் இரண்டாம் ஆண்டு வகுப்பு. வேலைவாய்ப்பை எப்படி அளக்கிறார்கள் என்ற பாடம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி கிராமப்புறப் பெண்களில் வேலையில் இருப்போர் பங்கு 2004-05-ல் 32.7 விழுக்காடு, 2011-12-ல் 24.8 விழுக்காடு. ஏன் இவ்வளவு குறைந்தது என்பதற்குப் புத்தகத்தில் இருந்த காரணங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: பெண்கள் படிக்கப் போய்விட்டார்கள், குடும்ப வருமானம் கூடியிருக்கிறது, விவசாய வேலை குறைந்திருக்கிறது. ஒரு மாணவி எழுந்து, "மேம், எங்கம்மா வீட்ல உக்காந்து பட்டாசுக்குக் குழாய் உருட்டுறாங்க, அவங்க இதுல எங்க வருவாங்க?" என்று கேட்டார்.

விதிப்படி பதில் சுலபம். வீட்டிலிருந்தே கூலிக்குச் செய்து கொடுப்பவர் சுயதொழிலில் சேர்வார். முதன்மை வேலையாக இல்லாவிட்டாலும் வருடத்தில் 30 நாளுக்குக் குறையாமல் செய்திருந்தால் துணை வேலை என்று பதிவாக வேண்டும். பதிலைச் சொல்லிவிட்டு அந்த மாணவியிடம், கணக்கெடுக்க வருகிறவர் உன் அப்பாவிடம் கேட்டால் அவர் என்ன சொல்லுவார் என்று கேட்டிருக்கிறார். "வீட்டு வேலைதான் பாக்குறான்னு சொல்லுவார் மேம்." அதாவது குறியீடு 92, வீட்டுப் பணி மட்டும். வகுப்பில் இன்னும் பலர் கை தூக்கினார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கும் அம்மா, பெட்டி ஒட்டும் பாட்டி, தையல் வாங்கி வரும் அக்கா.

எடுத்த முடிவு, ஏன்

அன்றைக்கு அவர் மனதில் வந்தது கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915-ல் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்தவர், 1916-ல் தன் மாணவர்கள் கையில் கேள்விகளைக் கொடுத்து விடுமுறைக்கு அவரவர் கிராமத்துக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான், தூசி எல்லாம் அப்படிப் பதிவான ஊர்கள். 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள், 1980-களில் எஸ். குகன் போன்ற பொருளியலாளர்கள் சில ஊர்களுக்கு மறுபடியும் போனார்கள். நூறு வருடம் தொடரும் ஒரு வேலை, தொடங்கி வைத்தது மாணவர்கள். இதை எம்.ஏ.வில் எல்லோரும் ஒரு பத்தியாகப் படித்திருக்கிறோம். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அதே மாதிரிக் கிராமங்களிலிருந்துதான் வருகிறார்கள் என்பதை அவர்தான் சேர்த்துப் பார்த்தார்.

தன் மாணவர்களையும் அப்படியே அவரவர் ஊரில் கேட்டு வர அனுப்புவது என்று முடிவெடுத்தார். இதற்குப் புள்ளி கிடையாது. வருடத்துக்கு மூன்று கட்டுரை போட்டுக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுக் களத்துக்குப் போனால் கோப்பு மெலியும் என்பது அவருக்குத் தெரியும், துறைத்தலைவரும் சொன்னார். பேராசிரியை சொன்ன காரணம் இரண்டு. ஆய்வேட்டுத் தரவைப் பிழிந்தது போதும், அதில் சாறு இல்லை. அப்புறம், இந்தப் பிள்ளைகள் இறுதியாண்டில் ஒப்புக்குத் திட்டக்கட்டுரை ஒன்றை எங்கிருந்தோ நகலெடுத்துக் கொடுக்கிறார்கள், அதற்குப் பதில் இதைச் செய்யட்டும்.

முதல் கள ஆய்வும் அதன் ஓட்டையும்

படிவம் நான்கு பக்கம். மூன்று பக்கம் வழக்கமானது: நிலம், கடன், படிப்பு, நூறு நாள் வேலை. நான்காவது பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. அதைப் பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கிற வரை மணி வாரியாக. நான் பார்த்த ஒரு படிவத்தில் முதல் பக்கத்தில் குடும்பத் தலைவர் மனைவியின் தொழில் 'வீட்டு வேலை' என்று சொல்லியிருக்கிறார், அதே படிவத்தின் நான்காம் பக்கத்தில் அந்த அம்மா காலை பத்தரையிலிருந்து ஒன்று வரை, மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் குழாய் உருட்டியிருக்கிறார். ஓரத்தில் மாணவி பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள்: 'டிவி பார்த்துக்கொண்டே'. ஒரே வீடு, ஒரே படிவம், இரண்டு பதில்கள். நேரப் பயன்பாட்டை இப்படி மணி வாரியாகக் கேட்பது புதிதல்ல. 1998-99-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அரசே முன்னோட்டமாகச் செய்தது, நாடு முழுக்க 2019-ல்தான் செய்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

முதல் சுற்றுத் தரவை வைத்து எழுதிய கட்டுரையை ஒரு நல்ல இதழுக்கு அனுப்பினார். பல மாதம் கழித்து நிராகரிப்பு வந்தது, கூடவே மதிப்பீட்டாளரின் இரண்டு பக்கக் குறிப்பு. அவருடைய பணிக்காலத்தில் யாரோ ஒருவர் அவர் கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டு எழுதிய முதல் குறிப்பு அது. சாரம் இதுதான்: மாணவர்கள் தங்கள் தெருவில், தெரிந்த வீடுகளில்தான் கேட்டிருக்கிறார்கள், தென்மாவட்டக் கிராமத்தில் தெரு என்றால் சாதி, ஆகவே இது கிராமத்தைப் பற்றிய தரவு அல்ல, மாணவர்களின் சொந்தக்காரர்களைப் பற்றிய தரவு.

சரியான குறை. அந்தக் குறிப்பைத் துறையில் எல்லோரிடமும் காட்டினார்.

தெரு மாற்றிப் போனது

2017-ல் முறையை மாற்றினார். பல ஊர் வேண்டாம், இரண்டே ஊர். முதலில் எல்லா வீட்டையும் வரிசையாகப் பட்டியலிடுவது, பிறகு அந்தப் பட்டியலிலிருந்து ஒழுங்குமுறை மாதிரியில், அதாவது சம இடைவெளி விட்டு, வீடுகளைத் தேர்ந்தெடுப்பது, யார் எந்த வீட்டுக்கு என்பதைத் தெரு பார்க்காமல் பிரிப்பது.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். காலனியிலிருந்து வந்த மாணவனை ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் வாசலுக்கு வெளியிலேயே நிற்க வைத்துப் பதில் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் "நீ யாரு மகன்?" என்பதைத் தாண்டிக் கேள்வியே நகரவில்லை. ஊர்த்தெரு மாணவி ஒருத்தி காலனிக்குப் போவதற்கு அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை. அவர் முன்னால் இருந்த வழிகள்: பழையபடி அவரவர் தெருவுக்கு அனுப்புவது, வெளியாளைக் கூலிக்கு அமர்த்துவது, அல்லது இரண்டிரண்டு பேராகச் சேர்த்து அனுப்பித் தானும் கூடப் போவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். பிரச்சினை வந்த வீடுகளைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு அவரே போனார். அவமானப்பட்ட மாணவனிடம் தனியாகப் பேசி, தொடர்வதா வேண்டாமா என்பதை அவன் முடிவுக்கே விட்டார். அவன் தரவு உள்ளீட்டு வேலைக்கு மாறிக்கொண்டான், மதிப்பெண் குறையவில்லை. கள வேலை என்றால் பிள்ளைகளுக்கு அனுபவம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அனுபவத்தின் விலை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று இல்லை என்பதை நான் இந்தக் கட்டத்தில்தான் அருகிலிருந்து பார்த்தேன்.

முறையை மாற்றியதால் முடிவும் மாறியது. முதல் சுற்றில் எல்லாப் பெண்களின் வேலையும் கணக்கில் விடுபடுவது போலத் தெரிந்தது. இரண்டாம் சுற்றில், காலனிப் பெண்கள் பெரும்பாலும் வெளியே கூலிக்குப் போவதால் அவர்கள் வேலை முதல் பக்கத்திலேயே பதிவாகிவிடுகிறது என்பதும், விடுபடுவது அதிகமும் ஊர்த்தெருவில் வீட்டுக்குள் இருந்து செய்யும் வேலைதான் என்பதும் தெரிந்தது. மதிப்பீட்டாளர் கேட்காமல் இருந்தால் தவறான ஒன்றை அச்சில் போட்டிருப்பார்கள்.

கோப்பைத் திறந்து பார்த்தபோது

இதற்கிடையில் வெளியே விதிகள் மாறிக்கொண்டிருந்தன. மானியக் குழு 2017-ல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019-ல் 'கேர்' பட்டியல் என்று, ஏற்கத்தக்க இதழ்களுக்கான புதிய ஏற்பாடு வந்தது. 2018 ஜூலையில் வந்த புதிய விதிமுறைகளின்படி கல்லூரி ஆசிரியர் இணைப் பேராசிரியர் ஆகும் வரை கட்டுரை எண்ணிக்கை நிபந்தனையே இல்லை. பேராசிரியர் நிலைக்கு மட்டும் சக மதிப்பீடு செய்யப்பட்ட (அதே துறைக்காரர்கள் படித்துச் சரிபார்த்த) அல்லது பட்டியலில் உள்ள இதழ்களில் 10 கட்டுரை, அதில் 3 மதிப்பீட்டுக் காலத்துக்குள், கூடவே ஆய்வு மதிப்பெண் 110. எட்டு வருடம் எதற்காக ஓடினார்களோ அது இடைப்பட்ட படிகளுக்குத் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

2019-ல் அவர் தன் கட்டுரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மொத்தம் 17. ஒவ்வொன்றாகப் பார்த்தோம்: அனுப்பிய தேதி, ஏற்ற தேதி, மதிப்பீட்டாளர் குறிப்பு ஏதாவது மின்னஞ்சலில் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் நிஜமாகவே அந்தத் துறைக்காரர்களா. ஐந்து கருத்தரங்கத் தொகுதிக் கட்டுரைகள், யாரும் மதிப்பிடாதவை. எட்டு பணம் கட்டிய இதழ்கள், அதில் மூன்று 2017 பட்டியலில் இருந்து 2018-ல் நீக்கப்பட்டவை. மிச்சம் நான்கு.

அந்த மூன்றை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம், 2017 பட்டியலில் இருந்தவைதானே, வாதிட இடம் இருக்கிறது என்று நான் சொன்னேன். விதிப்படி அது தப்பான யோசனை இல்லை, மற்றவர்கள் செய்வதும் அதுதான். அவர் ஒரு கட்டுரையை எடுத்துக் காட்டி, "இதை என் பிள்ளைங்க கையில கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியுமா சார்?" என்றார். பதின்மூன்றையும் அடித்துவிட்டார். கல்லூரியின் தர மதிப்பீட்டு அட்டவணையிலும் அவை வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை, எண்ணிக்கை இறங்குகிறதே என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என் வேலையாயிற்று, சொன்னேன்.

பெயர் யாருடையது

இரண்டாம் சுற்றுத் தரவில் எழுதும்போது அடுத்த முடிவு. மாணவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி போட்டுவிட்டுத் தன் பெயரில் மட்டும் வெளியிடலாம். மானியக் குழுவின் கணக்கில் சமூக அறிவியல் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு, அதாவது 7. தாக்கக் காரணியை (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) வைத்துக் கூடுதல் புள்ளிகள் உண்டு, அதை இங்கே சேர்க்கவில்லை. தனியாக எழுதினால் பத்துக் கட்டுரைக்கு 100, வழிகாட்டியாக இருந்து ஒருவருக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்தால் 10, சரியாக 110. கூட்டாக எழுதினால் அதே வேலைக்கு எட்டாது.

அவர் கூட்டாகவே எழுதினார். தரவைச் சுத்தம் செய்து அட்டவணை போட்ட மாணவி ஒருத்தி பிறகு எம்.ஏ. போய்விட்டு வந்து வரைவிலும் உட்கார்ந்து வேலை செய்தாள், அவள் பெயர் போகாமல் இருப்பது திருட்டு என்பது அவர் கருத்து. என் கருத்தும் அதுதான். ஒரு விதி உழைப்பைப் பகிர்ந்தவருக்குப் புள்ளியைக் குறைக்கிறது என்றால் நம் துறையில் யாரும் மாணவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், நன்றியுரையில் மட்டுமே அவர்கள் பெயர் வரும்.

என்ன ஆனது

இணைப் பேராசிரியர் ஆணை வந்துவிட்டது. 2023-ல் பேராசிரியர் நிலைக்குத் தகுதி நாள் வந்தபோது அவரிடம் கணக்கில் வரும் கட்டுரை ஏழு, விண்ணப்பிக்கவில்லை. இப்போது எட்டு: தனியாக எழுதியவை நான்கு, மாணவரோடு நான்கு. ஒருவருக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். 40, 28, 10, மொத்தம் 78. ஓய்வுக்கு முன் எட்டுவாரா என்பது தெரியாது. அவரோடு சேர்ந்த வேறு துறைக்காரர் ஒருவர் பேராசிரியர் ஆகிவிட்டார், அவர் கோப்பு நான் பார்த்ததுதான், அதைப் பற்றி இங்கே எழுதுவது சரியல்ல.

கட்டுரையில் பெயர் வந்த மாணவி இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறாள். இன்னொருத்தி தேர்வாணையத் தேர்வு எழுதி உதவிப் புள்ளியியல் ஆய்வாளராக வேலைக்குப் போய்விட்டாள், கணக்கெடுப்பில் வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கேட்காமல் வருவதில்லை என்று சொல்லுகிறாள். 2022 அக்டோபர் 2 கிராம சபையில் முடிவுகளைத் தமிழில் எட்டுப் பக்கமாகத் தயாரித்து வாசித்தார்கள். உருட்டுகூலியை உயர்த்த ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை, அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை. நலவாரியத்தில் பதிய முடியும் என்பது தெரிந்து சில பெண்கள் விண்ணப்பித்தார்கள்.

துறையின் நிலை நன்றாக இல்லை. தமிழ்வழிப் பொருளியலுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், எல்லோரும் வணிகவியலுக்கும் கணினிக்கும் போகிறார்கள், ஓய்வுபெற்றவர்களின் இடம் நிரப்பப்படவில்லை. கள ஆய்வு அதைத் தடுக்கவில்லை.

மறுபடி செய்தால் என்ன மாறும்

முதல் விஷயம் படிவம். ஒவ்வொரு வருடமும் கேள்விகளின் வாசகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போனதால் 2015, 2016 படிவங்களைப் பிந்தையவற்றோடு சேர்க்கவே முடியவில்லை. மையமான பத்துப் பன்னிரண்டு கேள்விகளை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வைத்துக்கொண்டு, புதிதாகக் கேட்பதைத் தனித் தாளில் சேர்க்க வேண்டும். குறியீட்டுக் கையேடு முதல் நாளே வேண்டும். படிவங்களைத் துறை அலமாரியில் கட்டி வைத்தார்கள், ஒரு கட்டு கரையான் அரித்துப் போனது. இப்போதெல்லாம் கைப்பேசியில் படமெடுத்து அன்றைக்கே ஏற்றிவிடுகிறார்கள்.

வீட்டுப் பட்டியல் எடுப்பதை முதல் வருடமே செய்திருந்தால் இரண்டு வருடம் மிச்சம். அதற்கு ஒரு புள்ளியியல் துறைக்காரரை முதலிலேயே பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும், எங்கள் கல்லூரியிலேயே ஆள் இருந்தார், யாரும் கேட்கவில்லை. களத்துக்குப் போகும் முன் மாணவர்களிடம் சாதி பற்றி வெளிப்படையாகப் பேசுவதும், எந்த வீட்டிலும் பாதியில் எழுந்து வந்துவிடலாம் என்று சொல்லி அனுப்புவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. முதல் வருடத்தில் அது இல்லை.

புதிதாகப் பணியில் சேருகிறவர்களுக்கு நான் சொல்லுவது கோப்பைப் பற்றி. கட்டுரையின் அச்சுப் பிரதி மட்டும் போதாது. அனுப்பிய மின்னஞ்சல், மதிப்பீட்டாளர் குறிப்பு, நீங்கள் எழுதிய பதில், ஏற்புக் கடிதம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியல்கள் வரும் போகும். 2025 பிப்ரவரியில் 'கேர்' பட்டியலையும் மானியக் குழு கைவிட்டுவிட்டு, இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. இதன் பொருள், இனி ஒரு கட்டுரை கணக்கில் வருமா என்பதை எங்களைப் போன்ற குழுக்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு யாராவது உட்கார்ந்து கட்டுரையைப் படிக்க வேண்டும். எங்கள் குழுவில் துறைக்கு ஒருவர், வெளியிலிருந்து ஒருவர் என்று இருவர் படித்து அரைப் பக்கம் எழுதிக் கொடுக்கும் முறையை முன்மொழிந்திருக்கிறேன். பொருளியலுக்குப் படிக்க அந்தப் பேராசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார், தன் எட்டுக் கட்டுரைகளையும் முதலில் வெளியாளிடம் கொடுங்கள் என்ற நிபந்தனையோடு.